புதன்கிழமைக் கறி

லங்னாவ் ரயிலடிக்குப் பின்னால் இருக்கிற
இந்தச் சாப்பாட்டுக்கடையில்
புதன் என்றால் கறி.

கன்றிறைச்சியை வெண்ணெயில் பிரட்டு.
கிரீம் ஊற்று, இன்னும் கொஞ்சம் ஊற்று.
டப்பாவிலிருந்து மஞ்சள் தூள், காரமில்லாதது,
ஒன்றரைக் கரண்டி.
வாழைப்பழத்தை நீளவாக்கில் பிளந்து பொரி.
டின் அன்னாசியில் இரண்டு வளையம்.
உச்சியில் ஒரு செர்ரி,
பொட்டு வைத்த மாதிரி.

முதல்நாள் ரேகுலா காட்டித்தர
தலையாட்டிக்கொண்டே தட்டைப் பார்த்தேன்.
திருவிழாவில் தொலைந்த பிள்ளை
வேறு யாருடையதோ உடுப்பில்
நின்றுகொண்டிருந்தது.
"உங்களுக்குத் தெரியாததா, தவமலர்,
உங்கள் ஊர்ச் சாப்பாடுதானே" என்றாள்.
என்னிடம் அப்போது இருந்த ஜெர்மன்
விலை கேட்கவும் மன்னிப்புக் கேட்கவும்தான் காணும்.
இரண்டையும் கேட்கவில்லை.

பாத்திரம் கழுவுகிற செனாயித்
மிச்சக் குழம்பைத் தன் புளித்த ரொட்டியில் தொட்டு
இது எந்த நாட்டுச் சாப்பாடு என்றாள்.
சுவிஸ் என்றேன் நான்.
இந்தியா என்றாள் ரேகுலா.
செனாயித் இன்னொரு துண்டு பிய்த்தாள்.

இரண்டாம் வருடம் துணிவு வந்தது.
வீட்டிலிருந்து என் தூளைக் கொண்டுபோனேன்.
கறுக்க வறுத்தது.
அதை வறுத்த அன்று மேல்வீட்டுக்காரர்
தீயணைப்புக்குப் போன் எடுத்திருந்தார்.

எட்டுத் தட்டுப் போனது.
ஏழு திரும்பி வந்தது.
எட்டாவது ஸ்டெட்லருடையது.
கண் கலங்க, மூக்கைச் சிந்திச் சிந்தி
முழுவதையும் முடித்துவிட்டு
குசினி வாசலுக்கு வந்து
தொப்பியைக் கழற்றிச் சொன்னார்:
"நன்றாக இருந்தது. ஆனால் அது கறி இல்லை.
ஐம்பது வருடமாக எனக்குக் கறி தெரியும்."

நிச்சயம் செய்த அன்று, பேர்ன் நகரில்,
வெள்ளை மேசைவிரிப்பில் முதன்முதல் சாப்பிட்டாராம்.
அன்னெலீஸ் அந்தச் செர்ரியைக்
கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்தாளாம்.
கிழக்கே அவர் போன தூரம் அவ்வளவுதான்.
அடுத்த புதன் டப்பாத்தூளுக்குத் திரும்பினேன்.

பதினாறு வருடம் கழித்து
ரேகுலாவின் மகன் கடையை எடுத்தான்.
யானிக் பச்சைத்தேயிலைப் பாலைப்
படம் பிடித்த பிறகுதான் குடிப்பான்.
அது ஆறிப்போயிருக்கும்.
கரும்பலகையைத் துடைத்தான்.
"இனி அசல். உங்களுடைய அசல்."

கிண்ணத்தில் சிவப்பரிசி, மேலே அவக்காடோ,
ஓரத்தில் என் கறுத்தக் கறி.
சனி ஞாயிறில் சைக்கிள்காரர்கள்
வரிசையில் நின்று, தின்று, வியர்த்து,
இன்னும் உறைப்புக் கேட்டார்கள்.
கிண்ணம் இருபத்தொன்பது பிராங்க்.
சந்தோஷமாகத்தான் இருந்தது.
பொய் சொல்ல என்ன இருக்கு?

ஆனால் லீவு எடுத்த ஒரு புதனில்
பல்லு வைத்தியரிடம் போய்வந்து,
ஒரு பக்கம் மரத்த வாயோடு,
யோசிக்காமல் ஒரு அன்னாசி டின்னைத் திறந்துவிட்டேன்.
நின்றபடியே சாப்பிட்டேன், சட்டியிலிருந்து.
வீட்டில் யாரும் இல்லை.
பிறகு டின்னைக் கழுவி
குப்பையில் அடியில் வைத்தேன்.

போன கிழமை ஸ்டெட்லர் வந்தார்.
கரும்பலகைக்கு முன்னால் கண்ணாடியை மாற்றி மாற்றி
நெடுநேரம் வாசித்தார்.
உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு கிளாஸ் ஆப்பிள்சாறு மட்டும்.

பழச்சாறு அடிக்கிற வாழைப்பழம் இருந்தது.
பிளந்தேன்.
கிரீம் இல்லை, ஓட்ஸ் பால்தான்.
செர்ரியும் இல்லை.
கிண்ணங்களுக்குத் தூவுகிற மாதுளை முத்தில்
ஒன்று வைத்தேன்.

என்ன வாசம் என்று யானிக் எட்டிப் பார்த்தான்.
தட்டைப் படம் எடுத்தான்.
பிறகு அழித்தான்.

ஸ்டெட்லர் முத்தை ஓரத்தில் ஒதுக்கி வைத்துச்
சாப்பிடத் தொடங்கினார்.

கல்லாவில் இதற்கு இப்போது பொத்தான் இல்லை.
கடைசி வரிசையில்
'இதர' என்று ஒன்று இருக்கிறது.
பதினெட்டு பிராங்க் என்று அடித்து
அதை அழுத்தினேன்.