ஒரு போகத்துக்கு மேல் நிற்காதவை

மார்ச் முப்பத்தொன்றுக்குள்
அந்தப் பணம் தீர்ந்தாக வேண்டுமாம்.
தீராவிட்டால் பிரிட்டோரியாவுக்கே திரும்பிவிடும் என்றாள்
நோம்வூலா செலே,
மழையில் ஃபைலை நெஞ்சோடு அணைத்து
எங்கள் கார் ஷெட்டில் நின்றபடி.

சாலை எப்போது வரும்?
வரைபடம் இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.
இரண்டாயிரத்து நாற்பதுக்கு மேல் வரலாம்.
வராமலும் போகலாம்.
ஆனால் நிலத்தின் விலை பென்சிலுக்காகக் காத்திருக்காது,
காலி மனையில் நாளைக்கே மாடிவீடு முளைக்கும்,
பிறகு நாலு மடங்கு கொடுத்து இடிக்க வேண்டிவரும்.
அதற்குத்தான் இந்த நிதி.

புரிந்தது.
மாங்காய் மலிவாய்க் கிடைக்கும்போதே
ஊறுகாய் போட்டு வைப்பது.

லோகநாதன் கையெழுத்தை
கரண்ட் பில் உறையின் பின்னால்
மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான்
பத்திரத்தில் போட்டார்.
அவர் அப்பாவைக் கேட்டோ மேனரில் கிளப்பியபோது
இடத்தை முதலில் எடுத்தார்கள்,
பணம் பிறகு வந்தது,
ஒரு தையல் மிஷினுக்குப் போதுமான அளவு.
இப்போது பணம் முதலில்,
இடம் பிறகு.
முன்னேற்றம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.
விலையும் நியாயம். கெருஷாவின் படிப்புக் கட்டணம் போக
ஒரு பக்கி வாங்கினோம், வெள்ளை நிறம்.

ஏப்ரல் முதல் தேதி காலை
அதே அடுப்பில் அதே கெட்டிலை வைத்தேன்,
வாடகைக்காரியாக.
மாதம் ஆயிரத்து நூறு ரேண்ட்.
குழாய் ஒழுகினால் இப்போது
அரசாங்கத்துக்குத் தொலைபேசி செய்ய வேண்டும்.
செய்தேன். எண் ஒன்று கொடுத்தார்கள்.
குழாயை லோகநாதன்தான் முடுக்கினார்.

ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது:
ஒரு போகத்துக்கு மேல் நிற்கும் எதையும்
குடியிருப்பவர் நடக்கூடாது.
மரத்துக்குப் பிறகு நஷ்டஈடு கேட்பார்களாம்.
ஆகையால் கொத்தமல்லி, பீன்ஸ்,
மிளகாய்கூட யோசித்துத்தான்,
அது சமயத்தில் இரண்டு வருடம் நின்றுவிடுகிறது.
நர்சரியில் லிச்சிக் கன்றைத் தூக்கிப் பார்த்து
திரும்ப வைத்தேன்.
ஆறு வருடம் என்று எழுதியிருந்தது அதன் அட்டையில்.
நான் வருடங்களை அட்டைகளில் படிக்கத் தொடங்கியிருந்தேன்:
பெயின்ட் டப்பாவில், கூரைத் தகட்டில்,
மெத்தையின் உத்தரவாதச் சீட்டில்.

பக்கத்து நாயுடு வீட்டையும் வாங்கிவிட்டார்கள்.
அவர்கள் உம்லாங்காவுக்குப் போனார்கள்.
ஜன்னலில் பலகை.
செப்புக் குழாய்கள் முதல் வாரமே போயின,
கதவு நிலைகள் அடுத்து.
புல் வெட்ட மட்டும்
மாதம் தவறாமல் நான்கு பேர் வருகிறார்கள்,
அதற்கும் நிதியில் ஒரு வரி இருக்கிறது போலும்.

வருடா வருடம் சோதனைக்கு வருவாள் நோம்வூலா.
மூன்றாம் வருடம் தேநீர் குடித்தாள்.
உம்பும்புலுவில் அவள் அம்மா வீட்டிலும்
சிவப்பு முளைக்குச்சி அடித்திருக்கிறார்கள், வேறொரு சாலைக்கு.
அங்கே பத்திரம் கிடையாது,
தலைவர் தாத்தாவுக்குக் கொடுத்த வாய்ச்சொல்தான்.
"வாய்ச்சொல்லுக்கு எந்த நிதியிலிருந்து செக் எழுதுவது?"
என்னைக் கேட்கவில்லை.
தேநீரைக் கேட்டாள்.
அதில் சர்க்கரை போடவும் மறந்திருந்தேன்.

சாலையை மேற்கே தள்ளப் போகிறார்கள் என்று
கடையில் பேச்சு.
அப்படியானால் வீட்டைத் திருப்பித் தருவார்களா?
ஏலம் விடுவார்கள், இன்றைய விலைக்கு.
பக்கியின் கிளட்ச் ஏற்கெனவே போய்விட்டது.

இந்த மார்ச்சில்
குப்பைக்குழி ஓரம் ஒரு மாங்கன்று.
நான் நடவில்லை.
யாரோ சப்பி எறிந்தது,
ஒருவேளை நான்தான்.
இடுப்பளவு வந்துவிட்டது,
நுனியில் செம்பு நிறத்தில் ஐந்து இலை.

நோம்வூலா குனிந்து பார்த்தாள்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
படிவத்தில் 'தாவரம்' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

களை, என்று எழுதினாள்.