எட்டுப் பேரிங்

பஞ்சிகாவத்தையில் மழை பிடித்துக்கொண்டது.
அஸ்கிரின் கடைக்குள், டயர் மணத்துக்கு நடுவே
மூன்று சட்டங்கள் கொளுக்கியில் தொங்கின,
சில்லுகள் இல்லாமல், எக்ஸ்ரே படங்கள் மாதிரி.

"மலை ஏறவா மிஸ், இறங்கவா?"
கொழும்பில் இருந்துகொண்டு இதற்கென்ன சொல்வது.
வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த பெரிய ஏற்றம்
லிஃப்ட் பழுதான நாளில் ஆறாம் மாடி.
மாதத்தில் ஒரு ஞாயிறு ஒஹியாவில் இறங்குகிறேன்.
மற்ற நாளெல்லாம்
காலி வீதியின் குழிகளோடுதான் குடித்தனம்.

முதலாவது ஒற்றை அச்சு.
ஒரே புள்ளியைச் சுற்றிப் பின்சில்லு ஏறி இறங்கும்,
கதவு திறப்பதுபோல. ஒளிவுமறைவில்லை.
"ரெண்டே ரெண்டு பேரிங். கடல்காத்துக்கு இதுதான் தாங்கும்.
உங்கட யன்னல் கம்பியப் பாருங்களேன்."
பார்த்திருக்கிறேன். பிடித்த கையில் துரு ஒட்டும்.

இரண்டாவது நான்கு தண்டு.
அஸ்கிர் உள்ளங்கையால் அமுக்கிக் காட்டினான்.
எதைச் சுற்றித் திரும்புகிறது என்று தேடினேன்.
அந்தப் புள்ளி சட்டத்திலேயே இல்லை.
முன்னால் எங்கோ காற்றில்,
அதுவும் ஓரிடத்தில் நில்லாமல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பதினாறு வருடமாய் நான் பிடித்து மடக்குவது இதைத்தானே.
இடுப்பு என்றால் கிண்ணத்தில் உருண்டை, தகராறில்லை.
முழங்கால் அப்படியல்ல:
குறுக்கே இரண்டு நார், மேலும் கீழும் எலும்பு,
மடங்க மடங்க மையம் இடம்மாறும்.
பொரளையில் என் கட்டிலுக்கு வருகிற ஒருவரிடமும்
இதை நான் சொன்னதில்லை:
உங்கள் முழங்காலுக்கு நிலையான மையம் கிடையாது ஐயா,
அதை நம்பித்தான் பஸ்ஸில் தொங்குகிறீர்கள்.

மூன்றாவதில் சில்லு முதலில் பின்வாங்கி
அப்புறம்தான் மேலெழும்.
கல்லைக் கண்டால் ஒதுங்கி நிற்கிற மரியாதை.
செயினைச் சமாளிக்க ஒரு குட்டிச் சில்லு,
அதற்கென்று ஒரு முனகல்.
விலையைக் கேட்டேன்.
அந்த மரியாதை என் சம்பளத்துக்குக் கட்டாது.

ஆக, இரண்டா எட்டா.

மழை விட்டதும் கடைக்குப் பின்னால்
கானுக்கு இறங்கும் நாலு படிக்கட்டு.
அஸ்கிரின் பழைய சைக்கிள் ஒற்றை அச்சு.
இறங்கினேன், பிறேக்கை அழுத்தியபடி.
பின்பக்கம் விறைத்துக்கொண்டது.
நாலு படியையும் முதுகெலும்பு எண்ணியது.
பிறகு அவன் தம்பி நப்ரீஸின் நான்கு தண்டு.
அதே படி, அதே பிறேக்.
கீழே சில்லு தன் பாட்டில்
வேலையைச் செய்துகொண்டிருந்தது.

நான் பிறேக் பிடிக்கிறவள்.
ஒஹியாவில் மற்றவர்கள் கூவிக்கொண்டு பறக்க
இரண்டு விரலையும் எடுக்காமல் கடைசியாய் வருகிறவள்.
"இறுக்காதேங்கோ, விடுங்கோ" என்று
ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்கிறேன்.
நோவைவிட, நோகப்போகிறது என்று
இறுகுகிற தசைதான் அதிகம் நோகிறது.
பயப்படாமல் இருக்க எனக்கு வராது.
நான் பயப்படும்போது
தானும் சேர்ந்து விறைக்காத ஒன்று வேண்டும்.

"எட்டு" என்றேன்.
"மூணு மாசத்துக்கு ஒருக்காக் கழட்டி கிரீஸ் வெக்கணும்."
"வைக்கிறன்."
"உப்பு மிஸ்."
"தெரியும்."

இரவு, ஆறாம் மாடி நடையில்
விக்ரமசூரிய ஆன்ட்டி ஹேண்டிலைப் பிடிக்க
ஏறி உட்கார்ந்தேன்.
ஷொக்கின் றப்பர் வளையம் பதினாறு மில்லிமீற்றர்
இறங்க வேண்டும். ஒன்பதில் நின்றது.
மூச்சைப் பிடித்திருக்கிறேன், எடை குறையுமாக்கும்.
காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டேன். மறுபடி.
மேட்டில் எழும்ப மட்டும் போதாது,
குழி வந்தால் கீழே போகவும் சில்லுக்கு இடம் வேண்டும்.
முன்கூட்டியே கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும்.
பதினான்கு. பதினைந்தரை.
ஆன்ட்டிக்குக் கை உளைந்தது.

கடல் பக்க யன்னல் திறந்திருந்தது.
எழுந்து போய்ச் சாத்தினேன்.
"ஐயோ, புழுக்கம்" என்றார்.
திறந்தேன்.