செலவுச் சிட்டை

அந்தச் சிட்டையை எழுதியது என் கைதான்.
முல்லைத்தீவுக் கச்சேரியில் இரண்டாம் கிளாக்கர் நான்,
எழுத்து அழகானது என்று பெயர்.

கைதியின் பெயர் எலியாசர் தோர்ன் கதிரித்தம்பி.
முதல் இரண்டு துண்டும் அவருடையதல்ல,
வட்டுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் சோற்றோடு கொடுத்தது.
அமெரிக்கா இன்னும் இங்கிலாந்து ராசாவின்
காணியாயிருந்த காலத்தில்
யாரோ ஒருவர் வீட்டு விறாந்தையில்
பத்திரமில்லாமல் பிரசங்கித்ததற்காகக்
கவர்னர் பிடித்து அடைத்த
பிரெஸ்பிட்டேரியன் குருவானவர் ஒருவரின் பெயராம்.
"பெயரைத் தந்தவர்கள்
அதோடு என்ன வரும் என்பதையும் சொல்லியிருக்கலாம்"
என்றார், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று.

குற்றம் இவ்வளவுதான்.
ஒட்டுசுட்டானுக்கு மேற்கே
உடைந்து கிடந்த குளத்தின் கட்டில்
பதினொரு பேரை இருத்தி
நோவாவின் வெள்ளத்தைச் சொன்னார்.
சிரித்தார்களாம்.
மூன்று மாரி பொய்த்த ஊரில்
வெள்ளம் தண்டனை என்றால் யார் நம்புவது?
இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி கேட்டாளாம்:
"கப்பல் செய்தவனுக்குத்
துருசு கட்டவும் தெரியுமோ?"
பிரசங்கத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு
மண்வெட்டி கேட்டார்.
அடப்பனாருக்கு நோவாவைப் பொறுக்கும்.
மண்வெட்டியைப் பொறுக்கவில்லை.

இருபத்தாறு இரவு.
பிறகு துரை சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்,
அப்படியொரு சட்டம் அதில் இல்லை.
விடுதலை.
ஆனால் அவரை வைத்திருந்ததில்
சர்க்காருக்குச் செலவு.

குத்தரிசி, கருவாடு.
காவற்காரன் கூலி.
கொண்டுவந்த வண்டில்;
வழியில் யானைக்கு வெருண்டு
காலை முறித்துக்கொண்ட மாடும் அவர் தலையில்.
வழக்கெழுதிய தாள், மை,
என்னுடைய இறகு ஒன்று.

விரல் வைத்து வரிவரியாய் வாசித்தார்.
"கிளாக்கரையா, விளக்கெண்ணெயை விட்டுவிட்டீர்.
ஒவ்வொரு இரவும் படித்தேன்.
எழுதும்."
எழுதினேன்.
அந்தத் தாளில் மை சிந்திய ஒரே இடம் அதுதான்.

மட்டக்குதிரையை ஆயக்காரர் வாங்கினார்.
இரண்டு கோட்டில் நல்லதை
காவற்காரனே வாங்கிக்கொண்டான்.
அப்படியும் மூன்று பென்ஸ் குறைந்தது.
அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

"பற்றுச்சீட்டு வேண்டும்" என்றார்.
இங்கிலீசில் எழுதிக் கொடுத்தேன்:
மேற்படி குருவானவர்
முல்லைத்தீவுப் பகுதியில் பிரசங்கம் செய்ததன் பொருட்டு
முழுத்தொகையும் செலுத்தியுள்ளார்.
கீழே துரையின் ஒப்பம்.
சிங்கமும் ஒற்றைக்கொம்பனும் பதிந்த சிவப்பு அரக்கு.
அந்த வசனத்தை எழுதும்போது
என் மனதில் என்ன இருந்தது என்று
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

ஆடி கழியக் கேள்விப்பட்டேன்.
நெடுங்கேணியில், கனகராயன்குளத்தில்,
"பத்திரம் எங்கே?" என்று மறிக்கிறவர்களுக்கெல்லாம்
அந்தத் தாளை விரிக்கிறாராம்.
இங்கிலீசு தெரியாத அடப்பனார்
அரக்கைக் கண்டதும்
சால்வையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு
பாய் போடச் சொல்கிறாராம்.

எனக்கு அவருடைய வேதத்தில் பிடிப்பில்லை.
விடிந்தால் நீறு,
வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல்.
ஏழு வருடத்தில்
அவர் கையால் தலையில் தண்ணீர் வாங்கியவர்கள் நாலு பேர்,
அதில் ஒருவன் கொயினாவுக்காக.
அன்று அவர் வெட்டிப் போட்ட ஒரு முழ மண்ணும்
அடுத்த மாரியில் கரைந்திருக்கும்,
மாரி வந்திருந்தால்.

கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்து கிடக்கிறது.
மறியற்காரனுக்கு
இராவில் எண்ணெய் எதற்கு, விளக்கம் தருக
என்று.
மூன்று தரம் தொடங்கிவிட்டேன்.
இறகைத் தோய்ப்பதும் துடைப்பதுமாய்ப் போகிறது பொழுது.