வட்டமில்லாத மான்

ஏழு மான்கள். ஏழும் நுரை ரப்பர்.
ராஸ் அல் கைமா மலையடியில், வாதியின் சரளைக்கல்லில்
இரும்புக் கம்பி செருகி நிறுத்தியிருக்கிறோம்.
ஞாயிறு இரவு கடைசிக் கார் வெளியேறியதும்
பசை டப்பாவோடு நான் இறங்குவேன்.

யார் எய்தது என்று முகம் பார்க்காமலே சொல்வேன்.
முன்னங்காலுக்குப் பின்னே அச்சிட்ட வட்டம்
ஒரே குழியாய்த் தேய்ந்திருந்தால் ஹுமைத்.
கழுத்தில் ஒன்று தொடையில் ஒன்று என்றால்
வங்கி மேனேஜர்.
வயிற்றுத் துளைகள் எல்லாருக்கும் பொது.
பசை அதிகம் குடிப்பவை அவைதான்.

இதற்கு முன் ஆறு வருடம் ஷார்ஜாவில்
அறுப்புக் கூடத்தில் இருந்தேன்.
அறுப்பவர்கள் வேறு. நான் தோல் உரித்துக் குடல் எடுப்பவன்.
நாளைக்கு இருநூறு ஆடு.
விலாவை விரித்தால் நுரையீரல்,
இளஞ்சிவப்பாய், விரலுக்குக் கீழே பொருபொருவென்று.
அதற்கும் அடியில், முன்னங்கால் மூட்டுகளுக்கு நடுவே
நெஞ்செலும்பில் கிட்டத்தட்ட உட்கார்ந்தபடி
இதயம்.

நமீபியாவுக்கு வேட்டைக்குக் கிளம்பும் முன்
ஹுமைத் மூன்று மாதம் தினமும் வந்தார்.
ஒருநாள் தண்ணீர் கொடுத்தபோது கேட்டார்,
இருதயராஜ் என்றால் என்ன அர்த்தம்?
கல்புக்கு ராஜா, என்றேன்.
சிரித்தார். அப்படியானால் சொல், இதன் கல்ப் எங்கே?
வட்டத்திலிருந்து நான்கு விரல் முன்னே
கொஞ்சம் கீழே
தொட்டுக் காட்டினேன்.
கம்பெனிக்காரன் அளந்துதானே போட்டிருப்பான், என்றார்.
அளந்திருப்பான். அவன் ஊர் மானை.
இதை நான் சொல்லவில்லை.
அந்த மாதம் என் விசா புதுப்பிக்க வேண்டியிருந்தது.

பதினாறு நாள் கழித்து வந்தார்.
வில் காரிலேயே இருந்தது.

நுரை மான் குனிவதில்லை, என்றார் முதலில்.
நாணின் ஓசை அம்புக்கு முன்னே போய்விடுகிறது,
அது துள்ளுவதற்காக உடம்பைத் தாழ்த்துகிறது,
நான் குறி வைத்த இடத்தில்
அது இல்லை.

பிறகு சொன்னார்.
ஓடவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு நடந்தது.
தடம் பார்ப்பவன் புல்லில் இருந்த ரத்தத்தைத் தொட்டு
முகர்ந்து, என் பக்கம் விரலை நீட்டினான்.
கறுப்பு. அரைத்த தழை வாசம்.

அந்த வாசம் எனக்குத் தெரியும்.
ஆறு வருடம் சோப்புக்குப் போகாத வாசம்.

இப்போது பின்னால் போனால் எழுந்து ஓடும்,
விடியட்டும் என்றானாம் அவன்.
எட்டு மணி நேரம் நெருப்பருகே உட்கார்ந்திருந்தார்கள்.
அது எங்கோ ஒரு முள்மரத்தடியில்
படுத்திருக்கிறது என்று தெரிந்தே.
அவன் தூங்கினான். நான் டீ குடித்தேன், என்றார்.
நான்கு முறை டீ குடித்தேன்.

காலையில் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

கத்தி கொண்டு வா, என்றார்.
ஆறு மான்களிலும் வட்டத்தைச் சுரண்டினோம்.
நான் காட்டக் காட்ட அவர் வரைந்தார்.
பக்கவாட்டில் நின்றால்?
மூட்டுக்கு நேர் மேலே.
எதிர்ப்பக்கம் திரும்பிக் கொஞ்சம் சாய்ந்து நின்றால்?
பின்னிருந்து நுழைந்து அந்தப்பக்கத் தோளை நோக்கி.
தலை நிமிர்ந்து காது விறைத்திருந்தால்?
பொறுங்கள். மேயட்டும்.
நேராக என்னையே பார்த்து நின்றால்?

வாய்வார்த்தை வரவில்லை எனக்கு.
ஏழாவது மானைப் பிடுங்கி
முகம் எங்களைப் பார்க்கும்படி நட்டேன்.
பெயிண்ட் டப்பாவை மூடினேன்.
அவர் அதன் முன் கொஞ்ச நேரம் நின்றார்,
கை இரண்டும் கந்தூராப் பையில்.

வங்கி மேனேஜர் புகார் செய்திருக்கிறார்,
ஒரு மானுக்கு வட்டம் இல்லை, மார்க் எப்படிப் போடுவது என்று.
எய்யாமல் நடந்து போனால் பத்து, என்று
ஹுமைத் அட்டையில் எழுதிக் கம்பியில் கட்டிவிட்டார்.
மூன்று மொழியில். தமிழ் என் கையெழுத்து.

இன்று ஞாயிறு.
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
நெற்றியில் இரண்டு, மூக்கில் ஒன்று,
அட்டையில் ஒன்று.
பசை டப்பாவைத் திறக்கிறேன்.