படுத்த நிலை

அம்மாப்பேட்டையில் அந்தச் சந்துக்குள் கார் நுழையாது.
கருவிப் பெட்டியைக் கைக்குழந்தை போல
நெஞ்சோடு அணைத்து நடந்தேன்.
சுவர் ஒன்று, வீடு இரண்டு.
இந்தப் பக்கம் பன்னிரண்டு விசைத்தறி,
அந்தப் பக்கம் மாடியில் புகார்.

புகாரின் பெயர் அம்சவேணி.
பெரியாஸ்பத்திரியில் இரவுப் பணி,
பகலில்தான் தூக்கம்.
கதவைத் திறந்த கண்களில் அது இல்லை.

சென்சாரைத் தரையில் ஒட்டினேன்.
மடிக்கணினியில் ஒரு கோடு எழுந்து
நடுங்கிக்கொண்டே ஓடியது.
"இதைவிட நல்ல மெஷின் எங்கிட்ட இருக்குங்க"
என்று அலமாரியைக் காட்டினார்.

மரத்தட்டின் மேல் ஒரு கொண்டை ஊசி.
அது கிடந்த இடங்களைச் சுற்றிப் பென்சில் கோடுகள்,
ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் மணி.
பத்தரை. பதினொன்று. பன்னிரண்டேகால்.
தறிக்காரர்கள் சாப்பிடப் போனபோது
ஊசியும் நின்றிருக்கிறது.
மூன்றுக்கு விளிம்பு.
மூன்றேகாலுக்குத் தரை.
போன செவ்வாய் மின்தடை,
அன்றைக்கு ஒரே ஒரு கோடு.
"அன்னிக்குத் தூங்கினேன்."

எண்களைப் பார்த்தேன்.
அனுமதித்த அளவுக்குக் கீழேதான்.
சுவர் விரியாது, கூரை விழாது.
"அபாயம் ஒன்றுமில்லைம்மா" என்றேன்.
"வார்டுல நாங்களும் இதையேதான் சொல்லுவோம்,
உயிருக்கு ஒண்ணும் ஆபத்தில்லைன்னு.
அதுக்கப்புறந்தான் சொந்தக்காரங்க
உக்காந்து அழ ஆரம்பிப்பாங்க."

பிறகு பாயை விரித்தார்.
"நின்னுக்கிட்டே பாத்தா என்னங்க தெரியும்?
படுத்துப் பாருங்க."

கூச்சமாக இருந்தது.
பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப்
படுத்தேன்.
முதலில் ஒன்றுமில்லை, மின்விசிறி மட்டும்.
பிறகு தோள்பட்டை.
பிறகு தாடை:
கீழ்ப்பல் மேல்பல்லைத் தொட்டுத் தொட்டு விலகியது.
பன்னிரண்டு தறிக்கும் பன்னிரண்டு நடை,
சந்தைக்குப் போகிற கூட்டம் மாதிரி கால் மாறி மாறி.
எப்போதாவது ஒரு நொடி
எல்லாக் காலும் சேர்ந்து விழும்.
"இப்ப" என்றார், கண்ணை மூடியபடி.
திரையில் கோடு துள்ளியது.
"இப்ப."
ஏழு முறை சொன்னார்.
ஏழும் சரி.

தறிக்காரர் பச்சமுத்து
மீசையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே கேட்டார்.
தறிக்கு நாலு ரப்பர் மெத்தை,
பன்னிரண்டு தறிக்கு நாற்பத்தெட்டு.
விலையைச் சொன்னேன்.
மெஷினை நிறுத்தாமலே கத்தினார்:
"வட்டி கட்டுற மாசம் சார்!
இதை நிறுத்தினா ஆடப்போறது என் வீடு!"
அவர் பொய் சொல்லவில்லை.
அதை அளக்க என் பெட்டியில் கருவி இல்லை.
பழைய லாரி டயரை வெட்டிப் போட்டால்
கொஞ்சம் குறையும் என்றேன்.
"பாக்கலாம்" என்றார்.
சேலத்தில் அதற்கு ஆறு அர்த்தம்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
நின்ற நிலை, அமர்ந்த நிலை, படுத்த நிலை.
பதினாறு வருடமாக முதல் கட்டத்தில்தான்
என் பேனா இறங்கியிருக்கிறது.
இன்றைக்கு மூன்றாவதில் டிக் அடித்தேன்.
'வசதிக் குறைவு' என்ற தலைப்புக்குக் கீழே
ஒரே ஒரு வரி விட்டிருந்தார்கள்.
ஓரத்தில் எழுதி, திருப்பி,
பின்பக்கமும் எழுதினேன்.

ஐந்து ரோட்டில் என் வீடு நான்காம் மாடி,
மேம்பாலத்துக்கு முகம் கொடுத்தபடி.
இங்கே எதுவும் ஆடாது என்று
வாங்கும்போது நானே தட்டிப் பார்த்துச் சொன்னது.
இரவு பதினொன்றே முக்காலுக்கு
பெங்களூர் பஸ் ஒன்று பாலம் ஏறியது.
திரைச்சீலையின் வளையம்
கம்பியில் மெல்லக் கிணுகிணுத்தது.
பதினோரு வருடமாகக் கிணுகிணுத்திருக்க வேண்டும்.
அடுத்த பஸ்.
தாடை.
அதற்கடுத்தது லாரி.

எழுந்து டிராயரைக் குடைந்தேன்.
"என்ன தேடறீங்க இந்நேரத்துல?" என்றாள் நிறைமதி
தூக்கத்திலிருந்து, தூக்கத்துக்குள்.
"கொண்டை ஊசி."
"எதுக்கு?"
பென்சிலும் கிடைத்துவிட்டது.
ஜன்னல் மேடையில் ஊசியை வைத்து
சுற்றிலும் ஒரு கோடு போட்டேன்.
மணி எழுதினேன்.