மேசை விசிறி

விடுதிப் பட்டியலில் ஏழாவது வரி:
மேசை விசிறி ஒன்று.

டானிங்டனில் மூன்று கடை ஏறி இறங்கினோம்.
ஹீட்டர் இருந்தது, கம்பளி இருந்தது.
"ஃபேனா? கோத்தகிரியிலயா?"
சிரித்தே அனுப்பினார் ராபின்சன் எலக்ட்ரிகல்ஸ்காரர்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குப் போனால்
இ-சேவை மையத்தில் நான்கு நாள் சர்வர் இல்லை.
ஐந்தாம் நாள் கிடைத்தது.
எங்கள் வீட்டில் பட்டம் பெற்றவர் எவருமில்லை என்பதை
ஆறு நகல் எடுத்தோம்,
ஆறிலும் பச்சை மையில் கையெழுத்து.

புகைப்படத்தில் ஸ்வெட்டரோடு இருக்கிறேன்.
திருச்சியில் பார்ப்பவர்கள்
காய்ச்சல் என்று நினைக்கக்கூடும்.

'உள்ளூர்ப் பாதுகாவலர்' என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து வைத்து எடுத்ததில்
ஒரு புள்ளி மட்டும் விழுந்திருக்கிறது.

தூள் ஏற்றிய லாரியில் அப்பா
மேட்டுப்பாளையம் இறங்கினார்.
திரும்பும்போது கடைசி பஸ்,
வளைவுக்கு வளைவு
மடியில் பெட்டியை அணைத்தபடி.

"ஓடுதான்னு பாத்துடலாம்."
மிக்ஸி பிளக்கைப் பிடுங்கிச் சொருகினோம்.
வெளியே ஜன்னலை அடைத்துக்கொண்டு மூடுபனி.
போர்வையிலிருந்து மூக்கை மட்டும் நீட்டினாள் நிரோஷா.
குல்லாவைக் காதுவரை இழுத்துக்கொண்டு
எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள் அம்மா.

அது மெல்லத் தலையைத் திருப்பி
ஒவ்வொருவராய்ப் பார்த்தது,
வருகைப் பதிவு எடுப்பதுபோல.
நான்கு பேரும் இருந்தோம்.
அணை என்று யாரும் சொல்லவில்லை.

பல் கிடுகிடுக்க அப்பாதான் சொன்னார்:
"மூணுல வெய்யி.
அங்க மூணுலதான் ஓட்டணுமாம்."