தராசு முள்

தராசின் முதுகில் ஒரு திருகு இருக்கிறது.
சுண்டுவிரல் நகம் போதும் அதற்கு.
அரைச் சுற்று இடப்பக்கம் போனால்
மூட்டைக்கு மூன்று கிலோ கொக்கோ
எவர் கண்ணிலும் படாமல் என் பக்கம் வந்துவிடும்.
பதினோரு பருவங்கள் இப்படி.
செஃப்விக் காட்டோரம் கம்பெனிக் கொட்டகை,
கதவில் என் பெயர்: ஒபிரி, கொள்முதல் எழுத்தர்.

எல்லாரும் செய்வதுதானே.
குமாசியில் மகனுக்குப் பள்ளிக் கட்டணம்.
லாரிக்காரனுக்குப் பங்கு, ஆய்வாளருக்குப் பங்கு.
ஆண்டவருக்கும் உண்டு:
தேவாலயக் கூரையில் பதினெட்டுத் தகடு
நான் கொடுத்தது.

எனக்குக் கணீரென்ற குரல்.
அதனால்தான் பாடம் வாசிக்க அழைப்பார்கள்.
அதுவரை ஆங்கிலத்தில் வாசித்துவந்தேன்;
புதிதாக வந்த போதகர், ட்வியில் வாசி என்றார்.
அன்று லாரி தாமதம். ஓடி வந்து நின்றேன்,
முன்கூட்டிப் பார்த்து வைக்கவில்லை.

கள்ளத் தராசைப் பற்றிய வரி.
எத்தனையோ முறை வாசித்ததுதான்.
ஆங்கிலத்தில் அங்கே ஒரு நீளமான சொல் வரும்,
இருமல் மருந்துபோல் இறங்கிவிடும்.
ட்வியில் அது வேறு.
எங்கள் குலம் தொடக்கூடாத இறைச்சிக்கு
அம்மா சொல்லும் சொல்.
தெரியாமல் தின்றுவிட்ட என்னைப் பிடித்து
தொண்டைக்குள் விரல் விட்டுக்
கக்க வைத்தாளே, அந்த நாளின் சொல்.

என் வாயிலிருந்தே வந்தது அது.
கணீரென்று.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
மூன்றாம் வரிசையில் அஃபுவா சீவா
கைக்குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.
முந்தின நாள் நான்கு மூட்டை போட்டவள்.
தலைக்கு மேல் என் பதினெட்டுத் தகடும்
வெயிலில் படபடவென்று முறுகின.

அன்றிரவு தூங்கவில்லை என்றால் பொய்.
நன்றாகவே தூங்கினேன்.
திங்கட்கிழமை திருகில் விரல் வைத்தபோதுதான்
வாய் கசந்தது.
தராசு முள்ளைப் பின்னுக்குத் தள்ளத் திருகு உண்டு.
நெஞ்சில் தைத்த முள்ளுக்கு
எந்தப் பக்கம் திருப்புவது?

பழைய பேரேடுகளை இறக்கிக் கூட்டினேன்.
கூட்டக் கூட்டப் பக்கம் தீரவில்லை.

அஃபுவா சீவா பணத்தை எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
“இது போன வருடத்துக்கு. அதற்கு முன்னே?”
நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை.
யாவ் பொன்சு செத்துப்போயிருந்தார்.
அவர் மகன் நடுத்தெருவில் சட்டையைப் பிடித்தான்,
இரண்டு பொத்தான் தெறித்து விழுந்தது.
கம்பெனியிலிருந்து கேட்டார்கள்:
உன் கொட்டகையில் மட்டும்
இந்த வருடம் ஏன் விளைச்சல் குறைவு?

மகனுக்குப் போன் செய்தேன்,
இந்தத் தவணை தாமதமாகும் என்று.
காரணம் சொல்ல இன்னொரு வாரம் ஆயிற்று.

விரல் மட்டும் இன்னும் மனம் திரும்பவில்லை.
மூட்டை கொக்கியில் ஏறும்போதெல்லாம்
விற்ற ஆடு பழைய வீட்டுக்கே வருவதுபோல்
தராசின் முதுகுக்குப் போய் நிற்கிறது.
அப்போது அந்தச் சொல்லை
வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன்.
இறங்கி வருகிறது, மெதுவாக.

இந்த ஞாயிற்றுக்கு எனக்குக் கொடுத்த பாடம்
சகோதரனோடு ஒப்புரவாவதைப் பற்றி.
அக்ராவில் இருக்கும் தம்பியோடு
ஏழு வருடமாகப் பேச்சில்லை எனக்கு.
இம்முறை முன்கூட்டியே வாசித்துவிட்டேன்.
போதகரிடம் போய்
தொண்டை சரியில்லை என்று சொல்லலாமா
என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.